டீச்சர் காரின் உள்கைப்பிடி

எங்கள் தெருவில் கார் ஓட்டச் சொல்லித்தந்த டீச்சர் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தம் காருக்குள்ளேயே குடியிருந்தார். கதவு திறக்கவில்லை, அதனால் இருந்தார். சிமெண்ட் விலை ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஏறியதே, அந்த வருடம்தான் உள்ளே மாட்டிக்கொண்டார். கண்ணாடியை உடைத்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஏன், எங்களுக்கு அது தோன்றாதா? கொல்லர் பெரிய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓங்கி ஒரு போடு போட்டதில் சம்மட்டியின் தலை வேறு, காம்பு வேறாகப் போயிற்று, கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. வெல்டர் வந்து கதவை அறுக்கப் பார்த்தார். தீ தகரத்துக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் போய், மரியாதையாக வளைந்து, அவர் பக்கமே திரும்பி வந்தது. தீயணைப்பு வண்டியும் வந்தது. அவர்கள் காரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எரியாத காரில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு உடைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தக் காரின் முன் ஜன்னலை ஒட்டிக் காற்றுக்காக ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு. அது மட்டும் திறந்தது. ஒரு கை நுழையும், ஒரு தம்ளர் நுழையும், தட்டு நுழையாது. ஆகவே டீச்சர் இத்தனை வருடமும் கிண்ணத்தில்தான் சாப்பிட்டார். மற்ற தேவைகளுக்கு என்ன செய்தார் என்று கேட்க வாயெடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: காருக்குள் இருந்தவரை அந்தத் தேவை அவருக்கு வரவில்லை. தலைமுடி வளரவில்லை, நகம் வளரவில்லை, உடுத்திய துணி கசங்கவில்லை. கோபம் மட்டும் முதல் இரண்டு வருடம் நன்றாக வளர்ந்தது. அதற்குக் காரணம் அவருடைய கணவர், லேத்துக்காரர்.

டீச்சரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், நானும்தான். அவர் யாரைப் பார்த்தும் கத்தியதே கிடையாது. வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பழைய கார், அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தக் காரின் கோளாறுகளை வைத்தே அவர் பாடம் நடத்தினார். எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழ் பாதியில் ஒருமுறை முரண்டு பிடிக்கும், குளிர்ந்த காலைக்கு அந்த இடம்தான் சரி என்பார். டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியின் மூடி கொஞ்சம் லொடுக்கு. வளைவில் வேகமாகத் திரும்பினால் கடகடவென்று சத்தம் போடும். டீச்சர் வாயைத் திறக்க மாட்டார், மூடி பேசும், நாங்கள் வேகத்தைக் குறைப்போம். முன்சீட் ஒரே பெஞ்சு. அதில் டீச்சர் உட்காரும் பக்கத்துக் கதவில் உள்கைப்பிடி, ஒரு விரல் நீளப் பித்தளைத் துண்டு, மேலே நிக்கல் முலாம். மாணவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் டீச்சர் நுனிநாக்கு வரை வந்த கத்தலை விழுங்கிவிட்டு, பெருவிரலால் அந்தக் கைப்பிடியை அழுத்துவார். அழுத்தி அழுத்தி முலாம் போய், பித்தளை தெரிந்து, பித்தளையிலும் ஒரு குழி விழுந்திருந்தது. அந்த அம்மாவுக்குப் பயம் என்பதே இல்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இல்லாமல் என்ன? எல்லாவற்றையும் அந்தக் குழியில் போட்டு வைத்திருந்தார்.

லேத்துக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இரும்போ பித்தளையோ, லேத்தில் ஒருமுறை சுற்றவிட்டால் அது அவர் சொன்னபடி கேட்கும். தண்ணீர்ப் பம்பிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் இந்த ஊரில் ஓடுகிற எதைத் திறந்தாலும் உள்ளே அவர் கடைந்த உருப்படி ஒன்றாவது இருக்கும். குறை ஒன்றே ஒன்று, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. நன்றாக ஓடுகிற சாமானைப் பார்த்தால் இன்னும் நன்றாக ஓடவைக்க வேண்டும் என்று கை அரிக்கும். மனைவியின் கார் அவருடைய பட்டறையை ஒட்டிய கொட்டகையில்தான் நின்றது. கேட்க வேண்டுமா? தேய்ந்த உருப்படி எதைக் கண்டாலும் கழற்றிவிட்டு அதைவிட நேர்த்தியாகத் தாமே ஒன்று செய்து மாட்டினார். கழற்றியதை, அப்போது பட்டறையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். சோக் குமிழ் போயிற்று, கூரை விளக்கின் கண்ணாடி போயிற்று, ஜன்னல் ஏற்றி இறக்கும் கைப்பிடி போயிற்று. இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டதோடு சரி. புருஷன் ஆசையாகச் செய்கிறார், எப்படி வேண்டாமென்பது?

பிறகு பெட்டி மூடியின் லொடுக்கு அவர் காதில் பட்டது. ஒரே நாளில் புது மூடி கடைந்து, சத்தமே வராமல் மாட்டிக் கொடுத்தார். மறுநாள் டீச்சரிடம் படித்த ஒரு வங்கிக் காசாளர் மரக்கடை வளைவில் பறந்தார், மூடி பேசவில்லை, கார் நேரே போய் மரத்தூள் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை, இரண்டு பேர் காதிலும் மரத்தூள், அவ்வளவுதான். டீச்சர் வீட்டுக்கு வந்து, தலையைத் தட்டிக்கொண்டே கணவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இனிமே இந்த வண்டியில கை வைக்காதீங்க."

அவரும் சரியென்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் கோபமாக இருக்கும் மனைவியைச் சமாதானப்படுத்த அந்த மனுஷருக்குத் தெரிந்த ஒரே வழி, ஏதாவது செய்து கொடுப்பது. இரண்டு நாள் கழித்து டீச்சர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், குழி விழுந்து அசிங்கமாக இருந்த கதவுக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒன்று செய்து மாட்டினார். பழையதை, போல்ட் வாங்க வந்திருந்த ஒரு லாரி டிரைவர் கையில் கொடுத்து அனுப்பினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது என்று இதைத்தான் சொல்வார்கள். டீச்சர் வந்து உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், பெருவிரல் பழக்கத்தில் குழியைத் தேடியது. குழி இல்லை. அந்த நிமிஷத்தில் கார் துப்ப ஆரம்பித்தது. லேத்துக்காரர் செய்த உருப்படி ஒவ்வொன்றும், எலுமிச்சங்கொட்டையைத் துப்புவது மாதிரி, முக்கோணக் கண்ணாடி வழியாக வெளியே வந்து கொட்டகைத் தரையில் விழுந்தது. கடைசியாகப் புதுக் கைப்பிடியும் வந்து விழுந்தது. எல்லாக் கதவும் இறுகிக்கொண்டன. அன்று மாலைக்குள் தெருவே கொட்டகையில் நின்றது.

லேத்துக்காரர் முதலில் செய்தது, அவர் எப்போதும் செய்வதையே. விழுந்தவற்றைப் பொறுக்கி, இன்னும் நுணுக்கமாகச் செய்து, முக்கோணக் கண்ணாடி வழியாகக் கையை விட்டு மாட்டிப் பார்த்தார். துப்பிற்று. பழையது போலவே இருக்கட்டும் என்று அரத்தால் தேய்த்து, புளித்தண்ணீரில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து எடுத்து, நாற்பது வயதுச் சோக் குமிழ் ஒன்றை ஒரே வாரத்தில் தயாரித்தார். அதைக் கார் அவர் நெற்றியைப் பார்த்தே துப்பியது. வீங்கிய நெற்றியோடு உட்கார்ந்திருந்தவரிடம், எதிர்வீட்டில் இருந்த அவருடைய தங்கை வந்து நின்றாள். நாத்தனார் என்றாலும் அண்ணி பக்கம்தான் எப்போதும் பேசுவாள். "அண்ணி உள்ள கிடக்கிறது கதவு திறக்காததால இல்லண்ணே. நீ கைய வச்சுகிட்டு சும்மா இல்லாததால. குடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிட்டு வா" என்றாள். அவர் யாருக்கு எதைக் கொடுத்தார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. கை கொடுத்தது, கண் பார்க்கவில்லை.

வழி காட்டியது ஹாரன். அந்தக் காரில் அவர் தொடாத ஒரே சாமான் அதுதான், லேத்துக்கு அதில் வேலை இல்லை. ஒருநாள் டீச்சர் ஆத்திரத்தில் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி சலூனில், சலூன்காரருக்கும் கடிகாரம் ரிப்பேர் செய்பவருக்கும் நடந்துகொண்டிருந்த சதுரங்கத்தில், கறுப்பு ராஜா யாரும் தொடாமல் ஒரு கட்டம் நகர்ந்தார். அசல் ராஜா என்றோ தொலைந்துபோய், அந்த இடத்தில் நின்றது ஒரு கறுப்புச் சோக் குமிழ். விஷயம் பரவியது. தினம் காலையில் டீச்சர் ஹாரன் அடிப்பார். ஊரில் யார் வீட்டில் எது துடிக்கிறதோ அவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு ஊரே அந்த நேரத்தில் காதையும் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. சலூன்காரர் மட்டும், ஆட்டம் முடியாமல் ராஜாவைத் தருவதற்கில்லை என்றார். நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு ஹாரனுக்கும் ராஜா வாசல் பக்கம் ஒரு கட்டம் போய்க்கொண்டிருந்தார், அதுவும் ஆட்ட விதிப்படியே. பத்து நாளுக்குள் அவரே போய் மூலையில் ஒதுங்கி, எதிரியின் யானையிடம் சிக்கிக்கொண்டார். சலூன்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டு, குமிழை முகத்துக்குப் போடும் பவுடரால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டியதும் கார் தொண்டைக்குள் 'ம்' என்றது. துப்பவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கூரை விளக்கின் கண்ணாடி, நர்ஸுகள் தங்கும் விடுதியில் சோப்புக் கிண்ணமாக இருந்தது. அந்தக் குளியலறையில் மட்டும் பல்பு போட்டு எத்தனையோ காலமாயிற்று, சோப்பு வெளிச்சத்திலேயே குளித்து வந்தார்கள். ஜன்னல் கைப்பிடி, சலவைக் கடையின் தண்ணீர்க் குழாயில் மாட்டியிருந்தது. அந்தக் குழாயைத் திருகினால் அந்தத் தெரு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொள்ளும். காற்று என்று நினைத்து எல்லோரும் புதுக் கொக்கி வாங்கிப் போட்டிருந்தார்கள். காரில் மாட்டியபின் அது சுற்றத்தான் செய்தது, கார் ஜன்னல் மட்டும் இறங்கவில்லை. மூடியைத் தாங்கும் ஸ்பிரிங், பக்கத்து ஊரில் ஒரு பாட்டுக்காரரின் ஹார்மோனியத்துக்குள் இருந்தது. அதை எடுத்தபின் அவருக்கு ஒரு சுரம் மட்டும் நிரந்தரமாகப் போய்விட்டது, அதில்லாமலேயே பாடி முன்னைவிடப் பேர் வாங்கினார். திருகாணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நகத்துண்டு அளவுத் திருகாணிக்காக லேத்துக்காரர் மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறார். போய், அது ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடிக் காலில் இருப்பதைக் கண்டு, அவருக்கு அச்சு அசலாக ஒன்று கடைந்து கொடுத்து, இதை வாங்கி வந்திருக்கிறார். முன்னெல்லாம் பட்டறையை விட்டு டீக்கடைக்குக்கூடப் போகாத மனுஷர். தேடுவதில் அவர் காட்டிய பொறுமையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. செய்வது எளிது, பார்த்து அறிவது கடினம் என்பதை நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார், அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

பெட்டி மூடி, பத்திரம் எழுதுபவரின் மேஜையில் இருந்தது. அதன்மேல் காகிதத்தை வைத்துத்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். யோசிக்காமல் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வருபவர்களுக்கு மூடி கடகடக்கும், பேனா நிற்கும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருவார்கள். அவர் எழுதிய பத்திரத்தில் வம்பே வராது என்று பெயர். அந்தப் பெயர் இந்த மூடியால் வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால் ஹாரன் நேரத்தில் அதன்மேல் அகராதியை வைத்து அமுக்கியிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அமுக்கினார். ஒருநாள் அவராகவே மூடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, "ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடுத்தது நீங்கதான டீச்சர். இத வச்சுகிட்டு எனக்குத் தூக்கம் வரல" என்றார். அன்று டீச்சர் உள்ளே இருந்து சிரித்தார். மாட்டி முடித்ததும் மூடியைத் தாமே விரலால் ஆட்டி, அந்தக் கடகடவைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே நின்ற லேத்துக்காரரின் கை தானாகத் திருப்புளியைத் தேடியது. தங்கை முறைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் டீச்சர் தொழிலையும் விடவில்லை. காருக்கு வெளியே ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, மாணவரை அதில் உட்காரவைத்து, கையில் ஒரு இரும்பு வளையத்தைக் கொடுத்து, காலடியில் பெடலுக்குப் பதில் மூன்று செங்கல் வைத்து, முக்கோணக் கண்ணாடி வழியாகவே பாடம் நடத்தினார். டிரம்மில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர்களின் சட்டையில் சாலைப் புழுதி படிந்திருந்தது, முழங்கையில் ஜன்னலோர வெயிலின் கறுப்பு ஏறியிருந்தது. லைசென்ஸ் தேர்வில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. கார் இல்லாமலே இவ்வளவு சொல்லித்தர முடியும் என்றால் அந்த அம்மாள் கையில் இருந்த வித்தை எப்பேர்ப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கணவரிடம் மட்டும் பேச்சு வார்த்தை குறைவு. முதல் இரண்டு வருடம் எல்லாம் நாத்தனார் மூலமாகத்தான். பிறகு ஒவ்வொரு உருப்படி வந்து சேரும்போதும், எங்கே கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்பார், அவர் சொல்வார். அந்தக் கதைகள் நீண்டன. சாயங்காலம் லேத்துக்காரரும் தம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து காருக்கு வெளியே நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்து மறுபடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவருக்கு அதற்கு மேல் ஓர் ஆசையும் இல்லை. இதை அவரே தங்கையிடம் அழுதுகொண்டு சொன்னார், அவள் எங்களிடம் சொன்னாள்.

எல்லாம் வந்து, கைப்பிடி ஒன்று மட்டும் பாக்கி. அது லாரி டிரைவரோடு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் ஹாரன் எட்டாத தூரத்தில். அவரும் டீச்சரின் பழைய மாணவர்தான், கொடுத்ததைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார். எட்டாவது வருடத்தில் ஒருநாள் புறவழிச் சாலையில் அவர் லாரி போய்க்கொண்டிருந்தபோது சாவிக்கொத்து துடித்தது. துடித்ததோடு நிற்காமல் ஸ்டியரிங்கையே எங்கள் ஊர்ப் பக்கம் இழுத்தது. அவர் அடம் பிடிக்கவில்லை. சரக்கோடு வண்டியைத் திருப்பி, நேரே பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றி லேத்துக்காரர் உள்ளங்கையில் வைத்தார். தெருவில் நாங்கள் கை தட்டினோம். நாத்தனார் அன்றைக்கே வீட்டைக் கழுவிவிட்டு, டீச்சருக்குப் புது மெத்தை விரிப்பு எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

இங்கேதான் அந்த மனுஷர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கைப்பிடியைக் கொண்டுபோய் அப்படியே மாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எட்டு வருடச் சாவிக்கொத்துக் கீறல், உரிந்த முலாம், நடுவில் அந்தக் குழி. இவ்வளவு காலம் காத்திருந்தவளுக்கு இந்தக் கோலத்திலா கொண்டுபோய்க் கொடுப்பது என்று மனம் கேட்கவில்லை. புதிதாக ஒன்று செய்வதுதானே தப்பு, இது அசல்தானே, சுத்தம் செய்தால் என்ன என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். குழியில் பித்தளையை ஊற்றி நிரப்பினார், சமன் செய்தார், பஃப் போட்டு மெருகேற்றினார், முலாம் பூசும் இடத்துக்குத் தாமே போய் உட்கார்ந்து மூன்று பூச்சு ஏற்றி வாங்கிவந்தார். வாழ்நாளில் அவர் செய்த வேலையிலேயே அதுதான் உச்சம், நான் கையில் வாங்கிப் பார்த்தேன், என் முகம் அதில் தெரிந்தது. அட, எவ்வளவு அழகு என்று நாங்கள் எல்லோரும்தான் சொன்னோம். யாருக்கும் உறைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டீச்சர் அதை வாங்கினார். பார்த்தார். கதவில் மாட்டினார். கார் அதைத் துப்பிய வேகத்தில் கொட்டகைத் தகரம் ஓட்டையாயிற்று. அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, மழைக்கு ஒழுகும். லேத்துக்காரர் கீழே விழுந்ததை எடுக்கக்கூட இல்லை, டிரம்மில் தொப்பென்று உட்கார்ந்தார். இனி தேடிப் போக ஓர் இடம் பாக்கி இல்லை. உலகத்திலேயே அந்தக் காருக்கு உரிய ஒரே கைப்பிடி அதுதான், அதை அதாக இல்லாமல் செய்தவர் அவர். அன்று நடுப்பகலில், இத்தனை பேர் முன்னால், அந்த மனுஷர் வாய்விட்டு அழுதார்.

"நல்லா இருக்கணும்னுதான் செஞ்சேன்."

"அது முன்னயே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டீச்சர்.

பிறகு கையை வெளியே நீட்டிக் கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தேய்த்துத் தானே குழி விழுந்தது, மறுபடி தேய்த்தால் போயிற்று என்று பெருவிரலால் தேய்க்க ஆரம்பித்தார். மாதக்கணக்கில் தேய்த்தும் முலாம் இன்னும் பளபளத்ததே தவிர மங்கவில்லை. நாத்தனாருக்குத்தான் அது பிடிபட்டது. சும்மா தேய்த்து வந்த குழியா அது, கத்தாமல் அடக்கிக்கொண்டதில் வந்த குழி. இப்போதெல்லாம் அண்ணியைக் கத்த வைக்கிற மாதிரி யார் இருக்கிறார்கள், டிரம்மில் வருகிற பிள்ளைகள் எல்லாம் சொன்னதைக் கேட்கிறார்களே என்றாள். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். டீச்சரும் பார்த்தார். "அந்த வளையத்தக் கையில எடுங்க. கால் ரெண்டும் பெடல்ல இருக்கட்டும். திருப்புளிய அங்க கீழ வைங்க" என்றார் டீச்சர்.

லேத்துக்காரரைப் போல ஒரு மாணவர் இந்த ஊருக்கு வாய்த்ததில்லை. கிளட்ச் எது என்பதற்கே ஒரு மாதம். டிரம்மில் உட்கார்ந்தபடி அவர் ரிவர்ஸ் எடுத்தால், நான்கு தெரு தள்ளி பால்காரரின் நிறுத்திவைத்த சைக்கிள் நசுங்கிற்று. இடப்பக்கம் ஒடித்தால் காய்கறிக்காரியின் தள்ளுவண்டி கவிழ்ந்தது. அவள் தக்காளியோடு கொட்டகைக்கே வந்து சண்டை போட்டாள், டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒரு வளைவில் அவர் போன வேகத்துக்கு, காருக்குள் இருந்த பெட்டி மூடி கடகடவென்று ஆடிற்று, கார் அசையாமலே. அதைவிட மோசம், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வளையத்தில் இருந்த ஒரு பிசிரைப் பார்த்துவிட்டு அரத்தை எடுக்கக் குனிவார். மரக்கடைக்காரர் அந்த நேரங்களில் கல்லாவைப் பூட்டிக்கொண்டு மாடியில் போய் நின்றுவிடுவார். டீச்சர் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பெருவிரலால் கைப்பிடியை அழுத்தினார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மூன்றாவது வாரமே முலாமின் முதல் பூச்சு போய்விட்டது.

இரண்டாவது பூச்சும் மூன்றாவதும் போக மழைக்காலம் முடிந்தது. நிரப்பிய பித்தளை தெரிந்தது, அதில் லேசாக ஒரு பள்ளம் தட்டிற்று. லேத்துக்காரர் தினம் அதை வாங்கிப் பார்ப்பார். அளவு கருவி எதுவும் வேண்டாம், அந்தக் குழி முன்பு எவ்வளவு ஆழம் என்று இப்போது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் ஒரே நிமிஷத்தில் முடிகிற வேலை. அவர் கையில் அரம் இருந்தது, யாரும் பார்க்காத நேரமும் இருந்தது, அவர் செய்யவில்லை. கைப்பிடியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு டிரம்மில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, முதல் கியரைப் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் செய்த எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கேஸ் சிலிண்டர் வண்டி தெருவில் வந்துகொண்டிருந்த நேரம், லேத்துக்காரர் ரொம்பக் கேவலமாக ஒரு வளைவை எடுத்தார். டீச்சர் அழுத்தினார். பெருவிரல் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. டீச்சர் கைப்பிடியைக் கதவில் பொருத்தித் திருகாணியை முடுக்கினார், கார் 'ம்' என்றது, அவர் இழுத்தார், கதவு திறந்தது. நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது அவர் இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் வெளியே ஊன்றி, தரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் போல இரண்டு தடவை தட்டிவிட்டு, மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டார். அப்புறம் எட்டி, ஸ்டியரிங் பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. கண்ணாடிய முதல்ல சரி பண்ணுங்க."

லேத்துக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சோக் குமிழை இழுத்தார், பாதியில் முரண்டு பிடித்த இடத்தில் நிறுத்தினார். ஒன்பது வருடம் தூங்கிய எஞ்சின், நேற்றுத்தான் நிறுத்தியது போலக் கிளம்பிற்று. பெட்ரோல் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. கார் கொட்டகையை விட்டு வெளியே வந்து, தெருவைக் கடந்து, மரக்கடை வளைவில் திரும்பியது, வேகம் கொஞ்சம் அதிகம். மூடி கடகடத்தது. அவருடைய கை ஸ்டியரிங்கை விட்டுச் சட்டைப் பைத் திருப்புளியை நோக்கிப் போனதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். பாதி வழியில் நின்றது, திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. வேகம் குறைந்தது, மூடி அடங்கியது. மரக்கடைக்காரர் மாடியில் இருந்து கை தட்டினார்.

அன்று மதியம் இருவரும் வீட்டில் தட்டில் சாப்பிட்டார்கள். இப்போது தினமும் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருகிறார்கள், கடகட சத்தம் கேட்டால் நாங்கள் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறோம். லேத்துக்காரருக்கு ஓட்ட இன்னும் சரியாக வரவில்லை. அதனால் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது, கதவும் ஒழுங்காகத் திறக்கிறது.